இலை நுனியில் ஒரு முடிச்சு

அவரை நான் என்ன சொல்லி அழைத்தேன் என்று யோசித்துப் பார்த்தால், ஒன்றுமே சொல்லி அழைக்கவில்லை என்பதுதான் நினைவுக்கு வருகிறது. என்னைவிட இரண்டு மூன்று வயது கூடியவராக இருந்திருப்பார். அக்கா என்றிருக்கலாம். "இஞ்சை பாருங்கோ" என்பதோடு பதினொரு வருடங்களை ஓட்டிவிட்டேன். விதைநெல் வயல்களைப் பரிசோதிக்கும் உத்தியோகம் எனக்கு. எங்கள் படிவத்தில் விவசாயியின் பெயருக்கு ஒரு கட்டம், வயலின் பெயருக்கு ஒரு கட்டம், நெல்லினத்துக்கு, விதைத்த திகதிக்கு எல்லாம் ஒவ்வொரு கட்டம் இருந்தது. வயலில் கலந்து நிற்கும் பிற பயிரைப் பிடுங்கக் கூலிக்கு வருகிற அவரைப் போன்றவருக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத விடயத்தை எழுதக்கூடாது என்பது உத்தியோகம் எனக்குச் சொல்லித்தந்த முதற்பாடம். இங்கேயும் அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் இங்கே காரணம் வேறு. அவருடைய மகள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாள்.

விதைநெல் வயல், சோற்றுக்கு விளைகிற வயலைப் போன்றதல்ல. அதில் விளைவது அடுத்த போகத்தில் பல பேருடைய வயல்களுக்குப் போகும். ஆகவே அதில் நிற்கிற பயிர் எல்லாம் ஒரே உயரமாக, ஒரே நிறமாக, ஒரே நாட்களில் கதிர் எறிய வேண்டும், கதிர் வெளியே வருவதை அப்படித்தான் சொல்லுவோம். வேறு மாதிரி நிற்பதைப் பிடுங்கி எறிய வேண்டும். அதிலும் பெரிய தலையிடி பன்றிநெல் என்கிற களைநெல். சிறு பயிராக நிற்கும்போது நல்ல நெல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கதிர் எறிந்த பிறகுதான் மணியின் நீண்ட வால் தெரியும். தெரிந்து சில நாட்களுக்குள் மணிகளை நிலத்தில் கொட்டிவிடும். கொட்டியது மண்ணுக்குள் கிடந்து நினைத்த நேரம் முளைக்கும். ஆக, கதிர் எறிவதற்கும் கொட்டுவதற்கும் இடையில் உள்ள சில நாட்களே மனிதருக்குக் கிடைத்த தவணை.

முதன்முதல் அவரைக் கண்டது தென்மராட்சியில், சங்கத் தலைவருடைய வயலில். அந்த ஊரில் விதைநெல் விளைவிப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதற்குத் தலைவர் இருந்தார், எந்தக் காலத்திலும் அவரே இருந்தார். நான் விதிப்படி வயலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து, விதிப்படி நின்று எண்ணி, கலப்பு இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தேன். வரம்பில் குந்தியிருந்த ஒரு மனிசி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா, உங்கடை வலது காலடியிலை ஒண்டு நிக்குது."

குனிந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது.

"எதைச் சொல்லுறியள்?"

"இந்தா, இது. மற்றதுகள் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்க, இது மாத்திரம் அங்காலை பாக்குது."

வந்து, அந்தப் பயிரின் இலை நுனியை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டார். பிடுங்கவில்லை.

"அப்ப பிடுங்குங்கோவன்," என்றேன்.

"பொறுங்கோ ஐயா. சில நேரம் நல்ல நெல்லும் இப்பிடி ஒரு கோணலா நிக்கும். முகம் காட்டட்டும். பேந்து பாப்பம்."

இரண்டு கிழமை கழித்துப் போனேன். முடிச்சுப் போட்ட பயிர் கதிர் எறிந்திருந்தது. வால் என் சுண்டுவிரல் நீளம். அவர் அதை வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, கதிரைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டினார். "ஒரு மணியும் விழேல்லை," என்று சொல்லிவிட்டு அடுத்த முடிச்சைத் தேடிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என்னுடைய அறிக்கைகள் திறமாக வரத் தொடங்கின. மேலதிகாரி கூட்டங்களில் அவற்றை எடுத்துக்காட்டினார். நான் பரிசோதனைக்குப் போகும் திகதியை முதல் நாளே அந்த மனிசிக்குத் தெரியப்படுத்துவேன். அவர் எனக்கு முன்னால் நடப்பார், முடிச்சுகளைப் போடுவார். நான் பின்னால் நடந்து முடிச்சுகளை எண்ணுவேன். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத முறை. அவருக்குக் கூலி விவசாயி கொடுப்பார், பாராட்டு எனக்குக் கிடைக்கும். இருவருக்கும் நியாயமான ஏற்பாடு என்றே நான் வெகுகாலம் நினைத்தேன்.

அந்தப் பார்வை வயலோடு நிற்கவில்லை. ஒரு நாள் காலை நாங்கள் தெருக்கரையில் நின்றபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக வீதியைக் கடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அது ஒரு வெள்ளைக் கோடு. அவர் "மூண்டாவதா போற பிள்ளைக்குச் சுகமில்லை" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"மற்றதுகள் காலைத் தூக்கி வைக்குதுகள். அது இழுத்து வைக்குது."

பள்ளிக்கூட வாசலில் அந்தப் பிள்ளை குந்தியிருந்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தது. எனக்கு அன்று ஆச்சரியத்தைவிடப் பயம்தான் கூடுதலாக வந்தது. இந்த மனிசி என்னைப் பார்க்கும்போது என்ன காண்கிறார் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு அவருக்கு முன்னால் நேராக நடக்கப் பழகினேன்.

ஒருமுறை கேட்டார், "ஐயா, பன்றிநெல் வேறை சாதியோ?"

நான் படித்தவன். விளக்கினேன். வேறு இல்லை. அதுவும் நெல்தான், ஒரே இனம். நல்ல நெல்லுக்குப் பக்கத்தில் பூத்தால் இரண்டும் கலக்கும், பிள்ளையும் பிடிக்கும். ஒரே இனம் என்பதால்தான் கண்டுபிடிப்பதும் கஷ்டம், ஒரே தண்ணீருக்கும் ஒரே பசளைக்கும் அடிபடுவதால் நட்டமும் கூட.

"அப்ப ஏன் பிடுங்கிறம்?"

"கொட்டிப்போடுமெல்லோ. அறுவடைக்கு மிஞ்சாது."

ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்ப பிறந்ததிலை பிழை இல்லை. கொட்டிறதிலைதான் பிழை. கொட்டுதோ இல்லையோ எண்டு பாக்காமல் பிடுங்கப்படாது."

"ஓம், அப்பிடியும் சொல்லலாம்," என்றேன். அதைப் படிவத்தில் எழுத இடமில்லை.

இந்த இடத்தில் கோப்பைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பரிசோதனை முடிந்ததும் தலைவர் வீட்டு விறாந்தையில் தேநீர் வரும். எனக்கும் தலைவருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. முற்றத்தில் நிற்கும் அவருக்கு, குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்ரிக் கப். முந்தின காலத்தில் இந்த வேலைக்குச் சிரட்டையும், வாய் படாமல் குடிக்கிற தனி மூக்குப்பேணியும் இருந்தன. அவற்றைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற கரைச்சல் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. எவரும் எவருடைய சாதியையும் கதைப்பதில்லை. நாகரிகமான ஊர். "கப்பிலை குடுக்கிறது சுத்தம் சேர், நோய் நொடி தொத்தாது," என்று தலைவர் ஒருமுறை நான் கேட்காமலே விளக்கம் தந்தார். அப்படியானால் எனக்கு நோய் தொத்தினால் பரவாயில்லையா என்று நான் கேட்கவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

அந்த மனிசி கப்பை எறியமாட்டார். உதறி, மடிப்பையில் வைத்துக்கொள்வார். ஏதோ காரியமாக ஒருமுறை அவருடைய வீட்டு வாசல் படலை வரைக்கும் போனேன். வேலியோரமாக நாற்பது ஐம்பது கப்புகள். அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ஒவ்வொன்றிலும் மிளகாய் நாற்று வைத்திருந்தார். எல்லாம் ஒரே அளவு. கப்புகளைப் பார்த்து, முற்றத்தில் நின்று குடித்த தேநீர் எத்தனை என்று நான் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு, "நல்ல நாத்து," என்று சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன். நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடங்களுக்கு முந்தின அறுவடை. வன்னியிலிருந்து அறுவடை மெசின் வந்தது. விதை வயலுக்குள் இறங்கும் மெசினை முதலில் திறந்து, உள்ளே சிக்கியிருக்கும் பழைய நெல்லைக் கழுவித் துடைக்க வேண்டும். துடைத்ததைக் கண்ணால் கண்டதாக நான் கையெழுத்திட வேண்டும். அன்று மழை வரும்போல இருந்தது. தலைவர் அவசரப்பட்டார். "சேர், அவங்கள் கழுவித்தான் கொண்டு வந்தவங்கள். தேத்தண்ணி ஆறப்போகுது, வாங்கோ." படிவம் விறாந்தையில் எனக்குப் போட்டிருந்த கதிரையில் இருந்தது, பேனை என் சட்டைப்பையில் இருந்தது. நான் பீங்கான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்திட்டேன். மெசின் வயல் படலையால் இறங்கிப் போகும் சத்தம் மாத்திரம் கேட்டது.

அடுத்த போகம் அவர் தலைவருடைய வயலுக்குள் இறங்கி, முடிச்சுப் போடத் தொடங்கி, நிறுத்த முடியாமல் போய்க்கொண்டே இருந்தார். நான் பின்னால் எண்ணிக்கொண்டு போய், ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன். கதிர் எறிந்தபோது அவருடைய கணிப்பு ஒன்றும் பிழைக்கவில்லை. முடிச்சுப் போட்டது எல்லாம் பன்றிநெல். வயலை நிராகரித்து எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதையும் விதிப்படி எழுதினேன்.

தலைவருடைய வயல் நிராகரிக்கப்படுவது அந்த ஊரில் நடக்கிற காரியம் அல்ல. சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். முடிச்சுப் போட்டவரை வரச் சொன்னார்கள். வந்தார், மண்டப வாசல் நிலையோடு நின்றார். உள்ளே நாலைந்து கதிரைகள் சும்மா கிடந்தன.

"முந்தி எங்கடை வயலிலை உது இருந்ததே?" என்று தலைவர் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். "இல்லை. உவள் நாலு ஊர் வயலுக்குள்ளை இறங்கிறவள். எங்கையெங்கையோ உழக்கிப்போட்டு அதே சீலையோடை இஞ்சை வாறவள். மடிப்பிலை ஒட்டிக்கொண்டு வராதோ?"

"ஒவ்வொரு வயல் வரம்பிலையும் சீலையை உதறிப்போட்டுத்தான் இறங்கிறனான்," என்றார் அவர்.

"நீ சும்மா இரு. சேர் இருக்கிறார், படிச்ச மனிசன். சேரைக் கேப்பம். சேர், உடுப்பிலை ஒட்டிப் பன்றிநெல் வருமோ வராதோ?"

விசாரணைகளுக்கு ஒரு விதி உண்டு. கேட்ட கேள்விக்கு மாத்திரம் பதில் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லுகிற உத்தியோகத்தன் தனக்குத் தானே குழி வெட்டுகிறான் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உடுப்பில் ஒட்டி வருமா? வரும். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மெசினில் வருமா என்று எவரும் கேட்கவில்லை.

"வரலாம்," என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல், அதுவும் உண்மை. இத்தனை வருட உத்தியோகத்தில் நான் சொன்ன அந்த ஒரு உண்மையைப் போல வேலை செய்த பொய் எதுவும் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். பயிரைப் பார்க்கிறது போலவே அடியிலிருந்து நுனி வரைக்கும் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் எவரும் அவரை வயலுக்குக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊர்களுக்கும் கதை போய்ச் சேர்ந்தது. மகளுக்கும் தாயின் கண் இருந்தது. ஆனால் பன்றிநெல் கொண்டுவந்தவளின் மகளை எந்த விதை வயலுக்குள் விடுவார்கள்?

நான் ஓய்வுபெற்றேன். பிரியாவிடையில் என்னுடைய நேர்மையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள்.

கரவெட்டியில் மனைவியின் சீதன வயல் ஆறு பரப்பு இருக்கிறது. போன வருடம் பொழுதுபோகாமல் அதில் நானே நெல் விதைத்தேன். முந்தின அறுவடைக்கு அங்கே இறங்கிய மெசினைக் கழுவினார்களா என்று பார்க்காத மனிதனின் வயலில் என்ன முளைக்குமோ அது அதில் முளைத்திருந்தது. இரண்டொன்று வாலைக் காட்டியிருந்தது, மற்றவற்றைக் கதிர் வருவதற்கு முந்திக் கண்டுபிடிக்க எனக்குக் கண் இல்லை. விசாரித்துக்கொண்டு போனேன். அரியாலையில் கடல்நீரேரிக் கரையில், நண்டு வாங்குகிறவர் ஒருவருடைய கொட்டிலில் அவர் வேலை செய்வதாகச் சொன்னார்கள்.

கூடை நிறைய நண்டுகளுக்கு முன்னால் குந்தியிருந்தார். விரல்களெல்லாம் வெட்டுக் காயம். ஒவ்வொரு நண்டாகத் தூக்கி, பாராமலே முதுகோட்டை அமத்தி, சிலதைப் புறம்பான வாளிக்குள் போட்டார்.

"வாங்கோ ஐயா," என்றார், நேற்றுக் கண்டவர் போல. "கால் நோ கூடிப்போச்சுதோ? இடது பக்கம் சாயிறியள்."

 வாளியைக் காட்டி, "உது ஏன் புறம்பா?" என்று கேட்டேன்.

"ஓடு கழட்டின நண்டு. புது ஓடு இன்னும் இறுகேல்லை. மற்றதுகளோடை விட்டால் பிச்சுத் திண்டுபோடுங்கள். மீனுக்குத் தப்பினது, நண்டுக்குத் தப்பாது. ஓடு இல்லாத நேரம் பாத்துத்தான் சொந்தச் சாதி தின்னும்."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. கை தன் பாட்டில் நண்டுகளை அமத்திக்கொண்டிருந்தது.

நான் வயலைப் பற்றிச் சொன்னதும், அடுத்த நாள் கரவெட்டிக்கு வந்தார். வரம்பில் நின்று சீலையை உதறிவிட்டு இறங்கினார். நான் பின்னால் நடந்தேன். படலையடியில் ஒன்பது முடிச்சு. மூலைகளில் ஐந்தாறு. நடுவில் அநேகமாக ஒன்றுமில்லை. வரம்பில் ஏறி இருந்துகொண்டு சொன்னார்.

"மெசின் இறங்கின இடத்திலையும் திரும்பின இடத்திலையும் நிக்குது. தலைவற்றை வயலிலையும் இப்பிடித்தான் நிண்டது. என்ரை சீலை படலையாலை இறங்கி மூலைக்கு மூலை திரும்பினதே?"

"அப்பவே தெரியுமோ?"

"நாலாவது முடிச்சிலை தெரியும்."

"பின்னை ஏன் கூட்டத்திலை சொல்லேல்லை?"

"நான் சொன்னா ஆர் கேக்கிறது? மெசின் கடதாசியிலை உங்கடை கையெழுத்து இருந்தது. நீங்கள் சொல்லுவியள் எண்டு நினைச்சன்." இலையொன்றைக் கிள்ளி விரலில் சுற்றினார். "முகம் காட்டட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

 அறிக்கைகளில் இதற்குப் பயன்படும் வசனங்கள் எத்தனையோ எனக்குத் தெரியும். ஒன்றும் அந்த வரம்பில் நிற்கவில்லை.

"நான் இனி வயலுக்கு வரமாட்டன் ஐயா. முழங்கால் ஏலாது. என்ரை பிள்ளையை எண்டாலும் கூப்பிடட்டும். சங்கத்துக்காரருக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"ஓம். விபரமா ஒரு கடிதம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பிவிடுறன்."

"கடிதம் வேண்டாம். அண்டைக்கு இருந்துகொண்டு சொன்னியள். இப்ப எழும்பி நிண்டு சொல்லுங்கோ."

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனேன். அவரும் மகளும் வந்து வாசலில் நின்றார்கள். நிகழ்ச்சி நிரலில் கடைசியாக "ஏனைய விடயங்கள்" வந்தது. எழுந்தேன். மெசின் கழுவப்பட்டதை நான் காணவில்லை, காணாமலே கையெழுத்திட்டேன், பன்றிநெல் மெசினால் வந்தது, இந்த அம்மாவால் வரவில்லை, அன்றைக்கு எனக்கு அது தெரியும் என்று சொன்னேன். "அம்மா" என்ற சொல் என் வாயில் புதிதாக இருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு நான் நாலு வருடம் எடுத்திருக்கிறேன்.

எவரும் கோபப்படவில்லை. அப்படிக் கோபப்படும் ஊர் அல்ல அது. ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவர் கைத்தொலைபேசியைப் பார்த்தார். தலைவர் மெதுவாகச் சிரித்தார்.

"சேருக்கு இப்ப சீனி வருத்தம் எண்டு கேள்விப்பட்டனான். உதெல்லாம் பழைய கதை சேர். இருங்கோ."

பிறகு கூட்ட அறிக்கையின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கினேன். கேட்டால் தரவேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். "ஏனைய விடயங்கள்" என்பதற்கு எதிரே "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். இந்தப் போகமும் அந்தப் பிள்ளையை எவரும் கூப்பிடவில்லை.

ஆனால் அன்று, நான் திரும்பக் கதிரையில் இருந்த பிறகு, தேநீர் வந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற மனிசி தட்டத்தோடு வரிசையாக வந்தார். தலைவருக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பை. செயலாளருக்கும் அதே. எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் அதே. என் முறை வந்ததும் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் கண்ணால் மாத்திரம் ஏதோ காட்டினார். மனிசி உள்ளே போய், பிளாஸ்ரிக் கப் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

கோப்பை போதாமல் போயிருக்கலாம். ஆனால் உத்தியோக காலமெல்லாம் எண்ணிப் பழகிய கண் என்னுடையது. தட்டத்தில் இரண்டு பீங்கான் கோப்பைகள் கவிழ்த்தபடியே இருந்தன.

குடித்தேன். அதே தேநீர்தான். சூடு மாத்திரம் விரலில் கூடச் சுட்டது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது என்னோடு கதைக்க எவரும் நிற்கவில்லை. அவரும் மகளும் மாத்திரம் மதிலோரம் நின்றார்கள். வெறும் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எறிவதற்கு இடம் தேடினேன்.

"எறிஞ்சுபோடாதேங்கோ ஐயா," என்றார் அவர். "மிளகாய் நாத்து வைக்கலாம்."